பழைய இரும்பும் செப்பு நீரும்

சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் கழித்துவிடும் நீரிற் கலந்துள்ள உலோகங்களை, வேண்டாமென்று எறியப்பட்ட பொருள்களைக் கொண்டே பிரித்தெடுக்கலாம் என்று இன்று பலர் ஆராய்ந்து வருகின்றனர். உமி, மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைக்கரி ஆகியவை இவ்வாராய்ச்சியில் அடிக்கடி பேசப்படுவன. இது புதிய எண்ணம் போலத் தோன்றும். ஆயினும் இதன் பழைய வடிவமொன்று, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பெருந்தொழிலாக நடந்தது. அங்கே பயன்பட்ட பொருள் இரும்பு.

சீன தேசத்திற் சொங் அரச மரபினர் காலத்தில் வாழ்ந்த சென் குவோ என்னும் அறிஞர், 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய நூலிலே, கசப்பான ஊற்றொன்றைக் குறிப்பிடுகின்றார். அதன் நீரைக் காய்ச்சினால் மயில்துத்தம் கிடைக்குமாம்; காய்ச்சிய இரும்புப் பாத்திரமோ நாளடைவிற் செம்பாகிவிடுமாம். சொங் அரசாங்கத்தார் இத்தகைய நீரிலே இரும்புத் தகடுகளை இட்டு, நாணயம் வார்ப்பதற்குச் செம்பு எடுத்தனர். ஐரோப்பாவிலோ, இரும்பே செம்பாக மாறுகின்றது என்று இரசவாதிகள் நம்பினர். செம்பு முன்னரே அந்நீரிற் கரைந்துள்ளது என்பதை 1617இல் ஆஞ்சலஸ் சாலா என்பவர் எடுத்துக் காட்டினார்.

நான் கலைப் பட்டதாரி, இரசாயனம் கற்பித்தவனல்லன். எனினும் மயில்துத்தக் கரைசலில் இட்ட இரும்பாணி செந்நிறம் பெறுவதை எந்தப் பாடசாலையின் ஆய்வுகூடத்திலும் காணலாம். இரும்பு கரைந்து நீருக்குட் செல்ல, செம்பு வெளியே வந்து படிகின்றது. கணக்கின்படி 56 இறாத்தல் இரும்பு கரைந்தால் ஏறக்குறைய 64 இறாத்தல் செம்பு கிடைக்க வேண்டும். நடைமுறையில் இரும்பு இதனினும் கூடுதலாகச் செலவாகும்.

வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆங்கிள்சித் தீவில், பரிஸ் மலையிலே 1768இல் பெருஞ் செப்புத்தாது கண்டறியப்பட்டது. அங்கே சுரங்க நீரைக் குளங்களிலே தேக்கி, கப்பலிற் கொண்டுவந்த பழைய இரும்பை அவற்றுள் இட்டனர். செம்பு சேறாகப் படிந்தது. எஞ்சிய இரும்புக் காவியும் வண்ணப் பொருளாக விற்கப்பட்டது. எவ்வளவு சிக்கனம்! ஆனால், செம்புக்காகச் செய்யப்பட்ட இவ்வேலையிலே ஆற்றைப் பற்றிக் கவலைப்பட்டார் இல்லை. அம்மலையிலிருந்து ஓடும் ஆற்றுக்கு வேல்ஸ் மொழியிற் செவ்வாறு என்றே பெயர். அது நெடுங்காலமாகச் செம்பையும் நாகத்தையும் ஐரிஷ் கடலுக்குக் கொண்டு சென்றது.

அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்துப் பியூற் நகரத்திலும் இதே தொழில் நடந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிச் செப்புச் சுரங்கங்கள் பழைய தகரப் பேணிகளைக்கூட விட்டுவைக்கவில்லை. பியூற்றில் 1955இல் தோண்டத் தொடங்கிய பேர்க்லிக் குழி 1982இல் மூடப்பட்டது. நீர் இறைக்கும் பொறிகளும் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டன. குழியிலே அமில நீர் நிரம்பிற்று. 1995இல் அதிலே இறங்கிய பனி வாத்துகளுள் 342 இறந்தன. இரும்பு செம்பை வெளியேற்றுமேயன்றி நாகத்தையோ மங்கனீசையோ அவ்வாறு வெளியேற்றாது. அமிலத்தையும் முற்றாகத் தீர்க்காது. விலையுள்ளதை எடுத்துக்கொண்டு நஞ்சை விட்டுவிடும் முறைக்குச் சுத்திகரிப்பு என்று பெயரிடுவது எனக்கு உடன்பாடன்று.

நீரின் நலத்தையே கருதி இரும்பை நாடியவர்களும் உளர். வங்காளதேசத்துக் குழாய்க் கிணறுகளில், நிலத்தின் இயல்பினாலேயே ஆசனிக்கு கலந்திருந்தது. அதனை நீக்க அபுல் உசாம் என்னும் இரசாயன அறிஞர் அமைத்த வடி, 2007இல் அமெரிக்காவின் கிரெயிஞ்சர் பரிசைப் பெற்றது. பட்டறைகளிற் கடைந்து வீழ்ந்த வார்ப்பிரும்புச் சுருள்களே அதற்கு மூலப்பொருள். இங்கே உலோகம் இடம் மாறுவதில்லை. இரும்பின் துரு ஆசனிக்கைப் பற்றிக்கொள்கின்றது. மேல் வாளியில் மணலும் அவ்விரும்பும், கீழ் வாளியில் மணலும் மரக்கரியும் செங்கற் துண்டுகளும் இருக்கும். மின்சாரம் வேண்டியதில்லை; மேலே ஊற்றிய நீர் தானே வடிந்து கீழே வருகின்றது.