ஒண்ணை எடுத்தா இன்னொண்ணைக் குடுப்பானா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆபீஸ் ஆணிகளால தள்ளிப் போய்க்கிட்டே இருந்த விஷயம் இது. மொக்கையை எதிர்பார்த்து வந்த மக்கள் மன்னிக்கணும். இன்னிக்கு கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சொந்தக் கதை.

சாரல் சமயத்துல ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா செங்கோட்டை. 'குற்றாலத்துக்குப் பக்கத்துல'ன்னு சொன்னாத்தான் பாதிப் பேருக்குப் புரியுது. வாஞ்சிநாதனும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் பிறந்த ஊருக்கு இப்படி ஒரு அடையாளம் தேவையா? போகட்டும். சித்தி வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து மழையை வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துல சித்தி பையன். பேர் வேண்டாம், வீட்டுல கூப்பிடுற மாதிரி ராசுன்னே வச்சுக்குவோம். பதினோரு வயசு. ஆட்டிசம். பேச்சு ரொம்பக் கம்மி. ரயில்னா உயிர்.

ராசு தரையில சாக்பீஸால வட்டம் போட்டுக்கிட்டு இருந்தான். அவன் போடுறது ரயில்தான், ஆனா பெட்டி இருக்காது, எஞ்சின் இருக்காது. சக்கரம் மட்டும். எட்டு வட்டம் போட்டு கொஞ்சம் இடைவெளி விடுவான், மறுபடி எட்டு. திண்ணை முடியுற வரைக்கும் போகும். ஒரு பெட்டிக்கு எட்டு சக்கரம்ங்கிறதே எனக்கு இவனைப் பாத்துத்தான் தெரியும்.

சித்தி காப்பி கொண்டாந்து வச்சுட்டு கேட்டாங்க. "எப்பா, ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு லண்டன் பையன் வீடியோ அனுப்பினேல்லா? இவனும் அன்னையிலேருந்து வட்டந்தான் போடுதான். எப்பம்பா படமா வரும்?"

எனக்கு காப்பி தொண்டையில நின்னு போச்சு.

அந்த வீடியோவை ஆறுதலா இருக்கட்டும்னு நான்தான் அனுப்பினேன். ஸ்டீபன் வில்ட்ஷயர்னு ஒரு ஓவியர், 1974ல் லண்டன்ல பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர். 2005ல் டோக்கியோ நகரத்து மேல ஹெலிகாப்டர்ல கொஞ்ச நேரம் சுத்திட்டு வந்து, மொத்த நகரத்தையும் பத்து மீட்டர் நீளத் திரையில நினைவுல இருந்தே வரைஞ்சவர். கூடவே நான் எழுதின வரி: "கடவுள் ஒண்ணை எடுத்தா இன்னொண்ணைக் குடுப்பான் சித்தி." அந்த ஒரு வரியை நம்பி ஒரு தாய் ரெண்டு வருஷமா திண்ணையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

சென்னை திரும்பினதும் அந்த வரி நிஜமான்னு தேட ஆரம்பிச்சேன். தேடினதுதான் கீழே.

நம்ம ஊர்ல இதுக்கு உதாரணம் கேட்டா முதல்ல வர்றது இரட்டைப் புலவர்கள். முதுசூரியர், இளஞ்சூரியர். 14ஆம் நூற்றாண்டு வாக்குல சோழ நாட்டுல வாழ்ந்தவங்க. அத்தை மகனும் மாமன் மகனும்னு சொல்வாங்க. ஒருத்தருக்குப் பார்வை இல்ல, இன்னொருத்தருக்கு நடக்க முடியாது. நடக்க முடியாதவரைப் பார்வையில்லாதவர் தோள்ல தூக்கிக்குவார், மேல இருக்கிறவர் வழி சொல்வார். பாட்டும் அப்படியே. ஒருத்தர் முதல் ரெண்டு அடி பாடினா மத்தவர் வெண்பாவை முடிப்பார். தோள் மேல உட்கார்ந்தது வாய்வழி வந்த கதையா இருக்கலாம். ஆனா தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் இன்னிக்கும் கையில இருக்கு. கலம்பகம் பாட இவங்களை விட்டா ஆளில்லன்னு பேரும் வாங்கிட்டாங்க.

அடுத்தது 17ஆம் நூற்றாண்டு, அந்தகக்கவி வீரராகவ முதலியார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திருக்கழுக்குன்றப் புராணம், திருவாரூர் உலான்னு வரிசையா எழுதினவர். பேரைக் கவனிங்க. அந்தகக்கவின்னா குருட்டுக் கவி. குறையே பட்டமாயிடுச்சு. கம்பரை யாராவது 'கண்ணுள்ள கவி'ன்னு சொல்றோமா?

மூணாவது மாம்பழக் கவிச்சிங்க நாவலர். 1836ல் பழனியில பிறந்தவர். மூணு வயசுல அம்மை வந்து பார்வை போச்சு. அப்புறம் ராமநாதபுரம் சமஸ்தானத்துல, பொன்னுச்சாமித் தேவர் ஆதரவுல பெரும் புலவரா இருந்து 1884ல் மறைஞ்சார்.

நாலாவது கும்பகோணம் சரப சாஸ்திரி. 1872ல் பிறந்து சின்னக் குழந்தையிலேயே பார்வையை இழந்தவர். அதுக்கு முன்னால கர்நாடக இசை மேடையில புல்லாங்குழலுக்குத் தனி இடம் கிடையாது, பக்கவாத்தியம் மாதிரி ஓரத்துல இருக்கும். அதைத் தனிக் கச்சேரி வாத்தியமா ஆக்கினவர் இவர்தான். தியாகராஜரோட சீடர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பய்யர்கிட்ட பாட்டுக் கத்துக்கிட்டு, அதைக் குழல்ல கொண்டு வந்தார். 1904ல், முப்பத்திரண்டு வயசுலயே போயிட்டார். அதுக்குள்ள பல்லடம் சஞ்சீவ ராவ் மாதிரி ஒரு சீடரை உருவாக்கிட்டுப் போனார். 1904தான் எங்க ஊரையும் கொல்லத்தையும் இணைச்ச ரயில் ஓட ஆரம்பிச்ச வருஷமும். ராசுவோட சேர்ந்தா புத்தி இப்படித்தான் போகுது :-)

இதுவரைக்கும் பாத்தா நான் சித்திக்கு எழுதின வரி சரின்னுதான் தோணும். கண்ணை எடுத்தான், கவியைக் குடுத்தான். ஆனா இந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்க. ஏதோ ஒண்ணு உறுத்தும்.

பார்வை இல்லாத புலவர் இருக்கார், பார்வை இல்லாத வித்வான் இருக்கார். பிறவியிலேயே காது கேக்காத புலவர் ஒருத்தர் பேர் சொல்லுங்க. பேச்சு வராத வித்வான்? எனக்கு ஒருத்தர் பேரும் சிக்கல. ஆண்டவன் அவங்களுக்கு மட்டும் பதிலுக்கு ஒண்ணும் குடுக்கலையா என்ன?

எனக்குப் பட்ட காரணம் ரொம்பச் சாதாரணம். அந்தக் காலத்துப் படிப்பு காது வழிப் படிப்பு. கண் நல்லா இருந்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான். வாத்தியார் சொல்லுவார், பிள்ளை திருப்பிச் சொல்லும், மனப்பாடம் ஆகும். நிகண்டும் அந்தாதியும் கேட்டே மனசுல ஏறினவை. பாட்டு அதைவிட, குரு பாட சிஷ்யன் பாடணும். பார்வை இல்லாத பிள்ளை அந்தத் திண்ணையில உட்கார்ந்தா பெருசா ஒண்ணும் மாத்த வேண்டியதில்ல. வழி ஏற்கெனவே இருந்தது. காது கேக்காத பிள்ளைக்கும் ராசு மாதிரிப் பிள்ளைக்கும் வழியே கிடையாது. அவங்க கெட்டிக்காரங்களா இருந்தாங்களா இல்லையான்னு சரித்திரத்துக்கே தெரியாது. நம்ம பாஷையில சொன்னா, இன்புட் எடுக்க ஒரே ஒரு போர்ட்டுதான் வச்சிருந்தோம். அதுல செருகினவங்க மட்டும் லாக்குல பதிவானாங்க.

வழி போட்டா என்ன ஆகும்னு பாக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். எங்க ஜில்லா தலைநகரா இருந்த திருநெல்வேலியை ஒட்டின பாளையங்கோட்டை. (2019 நவம்பர்லதான் தென்காசி தனி மாவட்டம் ஆச்சு.) அங்க 1890ல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. 1897ல் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பிள்ளைங்க அதுக்கு முன்னாடியும் இருந்தாங்க. விரலால படிக்கவும் சைகையால பேசவும் சொல்லிக் குடுக்க ஆள் வந்தது அப்பத்தான்.

ஆட்டிசத்துக்கு அந்த வழி வர இன்னும் ரொம்ப நாள் ஆச்சு. 1943ல் அமெரிக்காவுல லியோ கானர் பதினோரு குழந்தைகளைப் பத்தி எழுதினார். அடுத்த வருஷம் வியன்னாவுல ஹான்ஸ் ஆஸ்பெர்கர். நம்ம நாட்டுல 1995ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்துல ஏழு வகை இருந்தது, ஆட்டிசம் அதுல இல்ல. 1999ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல சேர்ந்தது. 2016ல் வந்த புதுச் சட்டம் 21 வகையா விரிச்சப்பதான் முழுசா உள்ளே வந்தது. அதுவரைக்கும் ஊர்ல இந்தப் பிள்ளைகளுக்கு என்னென்ன பேர் வச்சாங்கன்னு உங்களுக்கே தெரியும். ராசுவை ஒரு பள்ளிக்கூடத்துல என்ன சொல்லித் திருப்பி அனுப்பினாங்கன்னு எழுதினா இந்தப் பக்கம் கெட்டுடும்.

சரி, திறமையும் இருந்து, கைகுடுக்க ஆளும் இருந்துட்டா எல்லாம் சரியாயிடுமா? இங்கதான் ராமானுஜம் வர்றார். கணக்கு ராமானுஜன் இல்ல, ஓவியர் கே. ராமானுஜம். திருவல்லிக்கேணிக்காரர். பேச்சுல தடங்கல், படிப்பு ஏறல, மனநலச் சிக்கல். ஊர் கேலி பண்ணிச்சு. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வரா இருந்த கே.சி.எஸ். பணிக்கர் அந்தப் பையனோட கோடுகளைப் பாத்து உள்ளே இழுத்துக்கிட்டார். 1966ல் ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானப்ப அங்கயும் அவருக்கு இடம் கிடைச்சது. பேனா மையால மாளிகை, பாம்பு, பறக்கிற விலங்குன்னு ஒரு தனி லோகத்தையே வரைஞ்சார். அந்த லோகத்துக்கு நடுவுல தொப்பி போட்ட ஒரு மனுஷன் ராஜா மாதிரி இருப்பான். அது அவரேதான். கன்னிமாரா ஹோட்டலுக்குப் பெரிய சுவரோவியமும் செஞ்சு குடுத்தார். 1973ல், முப்பதுகளோட தொடக்கத்துலயே, சோழமண்டலத்துலயே தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார். சி. மோகனோட 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' நாவல் இவரைப் பத்தினதுதான். இன்னிக்கு அவர் படங்கள் ஏலத்துல பெரிய விலைக்குப் போகுது.

அவருக்கு இன்னிக்கு டாக்டருங்க என்ன பேர் வச்சிருப்பாங்கன்னு நான் ஊகம் பண்ணப் போறதில்ல. எனக்கு உறைச்சது வேற. அவர்கிட்ட திறமை இருந்தது, அதை ஒரு பெரிய மனுஷன் கண்டுபிடிக்கவும் செஞ்சார். அப்படியும் அந்தத் தனிமையைப் படத்தால மட்டும் தாங்க முடியல. 'திறமை இருக்கு, பொழைச்சுக்குவான்'ங்கிறதும் பொய்தான்.

இப்ப மறுபடி அந்த லண்டன் பையன். நான் வீடியோவுல பாத்தது ஹெலிகாப்டரை மட்டும். அதுக்கு முன்னால ஒரு ஸ்கூல் இருக்கு. சின்ன வயசுல ஸ்டீபனுக்குப் பேச்சு வரல, வரையுறது மட்டும்தான். டீச்சருங்க கொஞ்ச நாள் தாளையும் பென்சிலையும் எடுத்து வச்சுட்டாங்க, வேணும்னா வாய் திறந்து கேக்கட்டும்னு. அப்ப வந்த முதல் வார்த்தை 'பேப்பர்'. கிறிஸ் மேரிஸ்னு ஒரு ஆசிரியர் அந்தப் பையனை லண்டன் பூரா கட்டடம் கட்டடமா கூட்டிட்டுப் போய் வரைய வச்சார். இதையெல்லாம் நான் சித்திக்கு எழுதல. ஆட்டிசம் உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்படி அதிசயத் திறமை எதுவும் இருக்காதுங்கிறதையும் எழுதல. நம்மள்லயும் பெரும்பாலானவங்களுக்கு இல்லையே. நான் எழுதுற கோடை வச்சு டோக்கியோவை வரைய முடியாது, ஒரு ஃபாரத்தை ஒழுங்கா சப்மிட் பண்ண வைக்கவே ரெண்டு நாள் ஆகுது.

போன மாசம் மறுபடி ஊருக்குப் போனப்ப, சித்தியையும் ராசுவையும் கூட்டிக்கிட்டு தென்காசி வழியா ஆய்க்குடி போனேன். அங்க இருக்கிற அமர் சேவா சங்கத்தை எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். ஆரம்பிச்ச எஸ். ராமகிருஷ்ணன் என்னை மாதிரி இன்ஜினியரிங் படிச்சவர். 1975 ஜனவரியில, கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூர் போன இடத்துல உயரத்துல இருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்து போச்சு. 1981ல், தான் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாத நிலையில, சொந்த ஊர்ல சங்கத்தை ஆரம்பிச்சார். தனக்கு சிகிச்சை பண்ணின ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பேரைத்தான் அதுக்கு வச்சார். அப்புறம் தசைச் சிதைவு நோய் உள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். ரெண்டு பேரும் சக்கர நாற்காலியில இருந்துக்கிட்டே இத்தனையையும் நடத்தினாங்க. 2020ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. இரட்டைப் புலவர்கள் ஞாபகம் வருதா? எனக்கு வந்துச்சு.

சங்கத்து ஆளுங்க கிராமம் கிராமமா வீட்டுக்கே போயும் சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சி குடுக்கிறாங்க. யாருக்கு என்ன செஞ்சோம், எவ்வளவு முன்னேற்றம்னு போன் செயலியில பதியுறாங்க. நம்ம தொழில் இப்படியும் ஒரு வீட்டு வாசலுக்குப் போய் நிக்குதுன்னு பாத்தப்ப கொஞ்சம் கூச்சமா இருந்தது.

திரும்பி வர்றப்ப பஸ்ல சித்திகிட்ட சொல்லிட்டேன். "சித்தி, நான் அன்னைக்கு எழுதினது தப்பு. அவன் வட்டம் படமா ஆகாமலே போகலாம். ஆகணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல."

சித்தி ஜன்னலுக்கு வெளியே பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அது எனக்குத் தெரியும்பா. நீ படிச்ச பிள்ளை, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பாத்துக்கிட்டு இருந்தேன்"னாங்க.

வீட்டுக்கு வந்ததும் ராசு சாக்பீஸை எடுத்தான். நானும் ஒண்ணை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல உட்கார்ந்தேன். அவன் எட்டு போட்டான், நான் எட்டு போட்டேன். என்னோடது கோணலா வந்துச்சுபோல. எச்சி தொட்டு அழிச்சுட்டு, என் கையைப் பிடிச்சு அவனே திருப்பிப் போட்டுக் காட்டினான்.

இப்போதைக்கு அவன்தான் எனக்கு வாத்தியார். நான் சிஷ்யன், கொஞ்சம் மந்தமான சிஷ்யன் :-)

பி.கு: உங்க வீட்டுலயோ தெருவுலயோ இப்படி ஒரு பிள்ளை இருந்தா, வீடியோ அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு நாள் கூட உட்கார்ந்து பாருங்க. இதே மாதிரி நம்ம பக்கத்துக் கலைஞர்கள் வேற யாராவது ஞாபகம் வந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, தேடிப் படிக்கிறேன்.