பதிவேட்டை முதலில் பார்த்தவர்

எழுவான்கரையோ படுவான்கரையோ, வாவியின் இரண்டு பக்கமும் இப்ப ஒரே கதைதான். புள்ளைகள் கட்டாரில, கனடாவில. அம்மம்மாட மருந்துப் பை இன்னொருத்தர் கையில. அதில நாலு குளிசை குறைஞ்சா யார் கவனிப்பார்? கவனிச்சவர் யாரிட்டச் சொல்றது? அந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாததால் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கானோர் செத்திருக்கிறார்கள்.

1975, டொட்மோர்டன் என்ற சின்ன நகரம். அங்கிருந்த ஒரு டிஸ்பென்சரியின் வரவேற்பாளர், பாமசியின் பதிவேட்டில் ஒரு விசயத்தைக் கண்டார். தங்கட இளம் டொக்டர் ஹரோல்ட் ஷிப்மன் பெயரில் அளவுக்கு மிஞ்சி பெதிடின் போயிருக்கு. கடும் வலிக்குக் கொடுக்கும், ஆளை அடிமையாக்கும் மருந்து அது. நோயாளர் பெயரில் எழுதி எடுத்துத் தனக்கே ஏற்றிக்கொண்டிருந்தார். வரவேற்பாளர் வாயைத் திறந்ததால் விசயம் வெளியே வந்தது. 1976இல் 600 பவுண் தண்டம். மருத்துவ சபையோ ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட விட்டிட்டுது.

அடுத்த வருசமே ஹைட் நகரில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே வயசான நோயாளர்களுக்கு டயமோர்ஃபின் ஏற்றிக் கொன்றுவந்தார். மருந்து எங்கிருந்து வந்தது? சாகக் கிடந்தவர்களின் பெயரில் கூடுதலாக எழுதினார். அவர்கள் செத்தபிறகு வீட்டில் மிஞ்சியதையும் எடுத்துக்கொண்டார்.

1998 மார்ச்சில், அயல் டொக்டர் லிண்டா ரெனோல்ட்ஸ், இவருடைய நோயாளர் இவ்வளவு பேர் சாவது சரியில்லை என்று மரண விசாரணை அதிகாரியிடம் சொன்னார். பொலிஸ் சில வாரத்தில் விசாரணையைக் கைவிட்டது. அதற்குப் பிறகும் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில்தான் கைது. 2000இல் 15 கொலைகளுக்கு ஆயுள் தண்டனை. 2002இல் வந்த விசாரணை அறிக்கை 215 பேர் எனக் கணக்கிட்டது.

இரண்டு தடவையும் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். கேட்டவர்கள்தான் பிழைவிட்டார்கள். அதனால்தான் இத்தகைய மருந்துகள் பற்றிய முறைப்பாட்டைக் கேட்கப் பொறுப்பான அதிகாரி ஒருவர் வேண்டும் என்று 2006இல் அங்கே சட்டம் வந்தது.

நம்மட நாட்டிலும் நஞ்சு, அபின், அபாயகரமான மருந்துகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1929இலேயே வந்திட்டு. முதியோர் உரிமைச் சட்டம் 2000இல் வந்தது. ஆனா சட்டம் குளிசை எண்ணாது. அடுத்தமுறை அம்மம்மாவைப் பார்க்கப் போனால் எண்ணுங்க. திகதியோட எழுதுங்க. குறைஞ்சா பொறுப்பானவரிடம் எழுத்தில கேளுங்க. ஒருத்தரில பழிபோடுறது வேற, எண்ணினதைச் சொல்றது வேற.