பத்து மாத அட்வான்ஸ்

2003இல் ஆய்வு மாணவியாகச் சென்னைக்கு வந்தேன். திருவல்லிக்கேணியில் ஒற்றை அறை, வாடகை 1,500 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாதம். தனியாக இருக்கப்போகும் பெண் என்பதால் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு மாதம் கூட்டிக் கேட்டார். ஆக 18,000. உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது போக, மீதிக்கு அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

அப்போது அமலில் இருந்தது 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றது அது. பின்னாளில் அதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. சட்டம் சொன்ன ஒன்றுக்கும் ஊர் கேட்ட பத்துக்கும் நடுவே இருந்த பள்ளத்தை எங்கள் வீட்டில் நிரப்பியது அம்மாவின் கழுத்து. சங்கிலியை மீட்டதும் அடகுச் சீட்டைக் கிழித்துப் போட்டோம். நகர வரலாறு எழுதுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எப்படிக் கிடைக்கும்?

2019இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வரம்பை மூன்று மாதமாக்கியது. கூடவே, இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அது பொருந்தாது என்றும் ஒரு வரி. பெட்டியோடு வாசலில் நிற்கிறவள் எதற்குத்தான் ஒப்பமாட்டாள்?

போன வருடம் வேலை கிடைத்துச் சோழிங்கநல்லூருக்குப் போன மாணவி அழைத்தாள்.

“ஆறு மாசம் கேக்குறாங்க மேடம். குடுத்துட்டேன்.”

“யாரோட நகைம்மா?” என்று கேட்டேன்.

“பாட்டியோடது.”