லிவ்ரேயும் அனுபவச் சான்றும்

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 'லிவ்ரே' என்ற சொல் சிறு வயதிலேயே பழக்கம். சிறு புத்தகம் என்று பொருள். பள்ளியில் மதிப்பெண் எழுதுவது லிவ்ரே ஸ்கோலேர். இங்கே புதுச்சேரியில் சொல்தா வீடுகளில் பீரோவுக்குள் பத்திரமாக இருப்பது லிவ்ரே தெ ஃபமீ. கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் அதில் பதிவாகும். மூன்றாவதாக ஒரு லிவ்ரே உண்டு, அதைச் சரித்திரத்தில் மட்டும்தான் பார்க்கலாம். லிவ்ரே உவ்ரியே, அதாவது தொழிலாளியின் புத்தகம்.

நெப்போலியன் முதல் கான்சலாக இருந்தபோது, 1803-இல் பிரான்சில் வந்த ஏற்பாடு அது. தொழிலாளி எந்தப் பட்டறையில் எப்போது சேர்ந்தான், எப்போது விலகினான் என்பதை முதலாளி அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலையில் இருக்கும்வரை புத்தகத்தை முதலாளியே வைத்துக்கொள்ளலாம். முன்பணம் வாங்கியிருந்தால் கணக்குத் தீரும்வரை வேறிடம் போவது கஷ்டம். புத்தகம் இல்லாமல் ஊர்விட்டு ஊர் போனால் நாடோடி என்று போலீஸ் பிடிக்கும். 1890-இல்தான் அதை ஒழித்தார்கள்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் தங்கையின் பேரன். பி.டெக். முடித்து, கம்ப்யூட்டர் பாதுகாப்புத் துறையில் வேலை செய்கிறான். சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்று ஒரு சான்றிதழ், அதற்கான தேர்வில் தேறிவிட்டான். தேறினால் மட்டும் போதாதாம், ஐந்து வருட அனுபவத்தையும் நிரூபிக்க வேண்டுமாம். "தாத்தா, நீங்க ஆபீஸ்ல சர்வீஸ் புக் பார்த்தவர், இதையும் பாருங்க" என்று கத்தைக் காகிதத்துடன் வந்தான்.

சான்றிதழைத் தரும் அமைப்பின் பெயர் ஐ.எஸ்.சி.2. அமெரிக்காவில் 1989-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய நவம்பரில்தான் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய ஒரு நிரல் இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. இந்தக் காவல் வேலைக்கு யார் தகுதியானவர் என்று சொல்ல அப்போது பொதுவான அளவுகோல் கிடையாது. மின்சார வயர்மேனுக்குக்கூட லைசென்ஸ் உண்டு, இவர்களுக்கு இல்லை. 1994-இல் சி.ஐ.எஸ்.எஸ்.பி. வந்தது. ஆரம்பத்தில் மூன்று வருட அனுபவம் போதும், பிறகு நான்கானது, 2007 அக்டோபரிலிருந்து ஐந்து.

விதிகளைப் படித்தபோது எனக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். பாடத்திட்டம் எட்டுப் பிரிவுகள் கொண்டது. 2015-க்கு முன் பத்து. அவற்றில் குறைந்தது இரண்டில் செய்த வேலையே அனுபவம். வாரம் 35 மணி நேரம், நான்கு வாரம் வேலை செய்தால் ஒரு மாதம். பகுதிநேர வேலையென்றால் 2,080 மணி நேரம் சேர்ந்து ஒரு வருடம். பட்டம் இருந்தால் ஒரு வருடம் தள்ளுபடி, அதற்கு மேல் கிடையாது. எங்கள் ஓய்வூதியக் கணக்கில் மூன்று மாதமும் அதற்கு மேலும் இருந்தால் அரை வருடமாக எடுத்துக்கொள்வோமே, மருத்துவச் சான்று இல்லாத சம்பளமில்லா விடுப்பைக் கழிப்போமே, அதே ஜாதிதான் இதுவும். பதவியின் பெயர் என்ன என்பது முக்கியமில்லை, கையால் என்ன செய்தாய் என்பதே கேள்வி. இது எனக்குப் பிடித்தது. எங்கள் அலுவலகங்களில் எப்போதும் அதற்கு நேர்மாறு.

பையனின் சிக்கல் முதல் கம்பெனியில் இருந்தது. அங்கே ஒரு வருடம் பத்து மாதம் வேலை. இரண்டாவது கம்பெனியில் இரண்டரை வருடம். பட்டத்துக்கான ஒரு வருடத்தையும் கூட்டினால் ஐந்து வருடம் நான்கு மாதம். கணக்கு இடிக்கவில்லை. ஆனால் முதல் கம்பெனியை மூடிவிட்டார்கள். சேர்ந்தபோது கொடுத்த ஆர்டர் இருக்கிறது, ரிலீவிங் லெட்டர் இல்லை. அரசு ஊழியனுக்கு ஆபீஸே கலைந்து போனாலும் சர்வீஸ் புக் இன்னொரு ஆபீஸுக்குப் போய்ச் சேரும். தனியார் வேலையில் இருப்பவனுக்கு முதலாளி மறைந்தால் அவன் உழைத்த வருடங்களும் சேர்ந்து மறைகின்றன.

ஒரு ஆள், பணம் கொடுத்தால் முழு ஒரு வருடம் பத்து மாதத்துக்கும் லெட்டர்ஹெட்டில் கடிதம் தருவதாக அவனிடம் சொல்லியிருக்கிறார். "எல்லாரும் வாங்குறாங்க தாத்தா" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அங்கே அன்றாடம் என்ன செய்தாய் என்று மட்டும் கேட்டேன். யோசித்துச் சொன்னான். பிரின்டர் பழுது பார்த்தது, புதிய கம்ப்யூட்டர் மாட்டியது. கடைசி நான்கு மாதம்தான் ஃபயர்வால் விதிகள், யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்ற அனுமதிகள். சொல்லச் சொல்ல அவன் குரலே இறங்கிவிட்டது.

அப்போது மேலதிகாரியாக இருந்தவரைத் தேடிப் பிடித்தான். அவர் அந்த நான்கு மாதத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார், தன் தொலைபேசி எண்ணையும் போட்டு. அந்த லெட்டர்ஹெட் ஆளைப் பற்றிப் பிறகு பேச்சில்லை. மொத்தம் மூன்று வருடம் பத்து மாதம். பதினான்கு மாதம் குறை.

விண்ணப்பத்தில் இன்னொரு கட்டம். ஏற்கெனவே இந்த அமைப்பின் சான்றிதழ் பெற்ற ஒருவர், இவன் அனுபவம் உண்மை என்று உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். யாரையும் தெரியாவிட்டால் அமைப்பே பார்க்கும். சில விண்ணப்பங்களை எடுத்துத் தணிக்கையும் செய்வார்கள். எனக்கு பிரான்சின் கொம்பாஞோன்கள் ஞாபகம் வந்தது. தச்சர், கல்தச்சர் போன்ற கைவினைஞர்களின் பழைய சங்கங்கள் அவை. இளைஞன் ஊர் ஊராகப் போய் வேலை கற்பான். அதுவரை அவனுக்குப் பெயர் அஸ்பிரான். தகுதியைக் காட்ட ஒரு வேலைப்பாடு செய்து வைப்பான், மூத்தவர்கள் பார்த்துத் தங்களில் ஒருவனாக ஏற்பார்கள். அங்கே சாட்சி முதலாளி அல்ல, அதே உளியைப் பிடித்தவன். முதலாளியின் கையில் இருந்த லிவ்ரே போயிற்று. கொம்பாஞோன்கள் இன்றும் இருக்கிறார்கள், 2010-இல் யுனெஸ்கோ அவர்கள் மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது.

இந்தச் சான்றிதழிலும் அஸ்பிரான் உண்டு, அசோசியேட் என்கிறார்கள். தேர்வில் தேறி, அனுபவம் போதாதவர்களுக்கு அந்த நிலை. நிரப்பிக்கொள்ள ஆறு வருடம் அவகாசம். எங்கள் பையன் அதற்கு எழுதிப் போட்டுக் கிடைத்துவிட்டது. ஒரு நிபந்தனை: முழுத் தகுதி வரும்வரை அந்த ஐந்து எழுத்தைப் பெயருக்குப் பின்னால் போடக் கூடாது.

தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது அவன் அம்மா கேட்டாள், "மாமா, அந்த அஞ்சு எழுத்தையும் போட்டுடலாமில்ல? நம்ம சனங்கதானே பார்க்கப் போறாங்க." பையன் முந்திக்கொண்டு, "பி.டெக். மட்டும் போதும்மா" என்றான். அப்படியே அச்சாகி வந்தது.