குவார்ட்டர்பேக் முத்திரைகள்: ஒரு வகைப்பாடு தோன்றித் தேய்ந்த கதை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் சேரவிருக்கும் பள்ளி மாணவர்களைத் தரம்பிரிக்கும் ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள், தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்குகளை நெடுங்காலம் இரண்டாகப் பிரித்தன. தடுப்பாளர்களுக்குப் பின்னால் நின்று பந்தை வீசுபவர் ‘புரோ-ஸ்டைல்’. வீசவும் ஓடவும் வல்லவர் ‘டூயல்-த்ரெட்’. பின்னது பாராட்டுப்போல ஒலித்தாலும், வீச்சில் குறை என்ற பொருளே அதில் தொக்கி நின்றது. இம்முத்திரை மாணவரின் திறனைவிட, அவரது பள்ளி ஆடிய ஆட்டமுறையையும் பல வேளைகளில் அவரது நிறத்தையுமே பதிவு செய்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதன் வேர் பழையது. 1968இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் கையாண்ட ‘விஷ்போன்’ முறையில் குவார்ட்டர்பேக்கே முதன்மை ஓட்டக்காரர்களில் ஒருவர். தொழில்முறை அணிகள் அத்தகையவர்களைத் தமக்கு உதவாதவர்களாகக் கருதின. கறுப்பின ஆட்டக்காரர்களின் நிலை இன்னும் மோசம். ஓடாதவர்களையும் வேறு இடத்துக்கு மாறச் சொன்னார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 1978 ரோஸ் பவுலில் வெல்லவைத்த வாரன் மூன் வீச்சில் தேர்ந்தவர். இடம் மாற மறுத்த அவரை அவ்வாண்டு தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் எந்த அணியும் தேர்வு செய்யவில்லை. கனடாவின் எட்மன்டனுக்குப் போய் ஐந்து கோப்பைகளை வென்ற பிறகே, 1984இல் என்எஃப்எல்லின் ஹூஸ்டன் அணி அவரை அழைத்துக்கொண்டது.

ஆள்சேர்ப்புத் தளங்கள் இந்தப் பழைய ஐயத்துக்குப் புதுப்பெயர் சூட்டின. தான் கறுப்பர் என்பதாலேயே ‘டூயல்-த்ரெட்’ முத்திரை குத்தப்படுகிறது என்று கிளெம்சன் வீரர் டெஷான் வாட்சன் 2016இல் வெளிப்படையாகவே குறைபட்டார்.

2015இல் கல்லூரி புகுந்த மூவரைப் பார்க்கலாம். லமார் ஜாக்சன், கைலர் மர்ரே, ஜோ பர்ரோ ஆகிய மூவருக்கும் ‘டூயல்-த்ரெட்’ முத்திரைதான். மூவருமே பின்னர் கல்லூரிக் கால்பந்தின் உயரிய ஹைஸ்மன் விருது பெற்றனர் (2016, 2018, 2019). ஜாக்சன் விருதாண்டில் 1,571 யார்டு ஓடினார்; பர்ரோ விருதாண்டில் 60 டச்டவுன்களை வீசியே எடுத்தார். இவ்விருவரையும் ஒரே பெட்டியில் அடைத்த சொல் எதை விளக்குகிறது? பர்ரோ வெள்ளையர் என்பதால் முத்திரையை நிறத்தோடு மட்டும் முடிச்சுப்போடவும் இயலாது. ஆனால் அதன் சுமை எல்லோருக்கும் சமமாக இருக்கவில்லை. 2018 என்எஃப்எல் தேர்வுக்கு முன் ஜாக்சனை, வீசப்படும் பந்தைப் பிடிக்கும் ரிசீவராக்கலாம் என்றார் முன்னாள் என்எஃப்எல் நிர்வாகி பில் போலியன். மூனுக்குச் சொல்லப்பட்டதற்கும் இதற்கும் நாற்பது ஆண்டு இடைவெளி. 2019இல் ஜாக்சனே லீக்கின் மிகச்சிறந்த வீரர், அதுவும் ஒருமனதாக.

2018இல் கல்லூரி புகுந்தவர்களில் ‘புரோ-ஸ்டைல்’ பட்டியலின் முதலிடம் டிரெவர் லாரன்ஸுக்கு. ‘டூயல்-த்ரெட்’ பட்டியலின் முதலிடம் ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்கு. 2019 டிசம்பர் ஃபியஸ்டா பவுலில் இருவரும் மோதினர். ‘நின்று வீசும்’ லாரன்ஸ் 107 யார்டு ஓடினார், அதில் 67 யார்டு ஒரே பாய்ச்சலில். ‘ஓடும்’ ஃபீல்ட்ஸ் 320 யார்டு வீசினார். அவர் ஓடி எடுத்தது சொற்பமே.

அந்தச் சொற்பத்தையும் நம்பிவிட முடியாது. வீசுமுன் பிடிபட்டு இழக்கும் தொலைவை என்எஃப்எல் வீச்சுக் கணக்கில் கழிக்கிறது. கல்லூரிக் கணக்கிலோ அது ஓட்டத்தில் கழிகிறது. தடுப்பாளர்கள் பலவீனமாக இருந்தால் ஓடத் தெரிந்தவரும் ஏட்டில் ஓடாதவராகிவிடுவார்.

247ஸ்போர்ட்ஸ் 2020ஐ ஒட்டி இரு பிரிவுகளையும் ஒன்றாக்கியது. நட்சத்திரத் தரவரிசை அப்படியே நீடிக்கிறது. அதற்கு ஆதாரமாகும் பள்ளி ஆட்டப் படத்துண்டுகளில் மாணவர் ஓடுவதும் வீசுவதும் இன்றும் அவரது பயிற்சியாளர் வகுத்த திட்டப்படிதான்.