குலோன்: கடல் தாண்டிய மேற்கு

ஜாவா மொழியில் மேற்குக்குப் பெயர் 'குலோன்'. பழைய வடிவம் 'குல்வன்'. ஜாவாத் தீவின் மேற்கு நுனியில் காண்டாமிருகங்கள் வாழும் காட்டுக்கு ஊஜுங் குலோன், அதாவது மேற்கு முனை என்று பெயர். புரோகோ ஆற்றுக்கு மேற்கே உள்ள மாவட்டம் குலோன் புரோகோ. முன்னே 'ங்' ஒலி சேர்ந்தால் பெயர் வினையாகிவிடும்: மேற்கே போவது 'ஙுலோன்', கிழக்கே போவது 'ஙேத்தான்'. ஜாவாக் கிராமத்தில் வழி கேட்டால் இடம், வலம் என்று சொல்ல மாட்டார்கள், திசையைத்தான் சொல்வார்கள்.

ஜாவாவிலிருந்து பார்த்தால் மக்கா மேற்கே, சற்று வடக்கே சாய்ந்து இருக்கிறது. ஆகவே தொழுகைக்கும் திசை குலோன்தான். தலைமுறை தலைமுறையாகத் தொழுது பழகியதில், குலோன் என்றாலே புனிதத் திசை என்றாகிவிட்டது.

1890 ஆகஸ்ட் 9 அன்று 94 ஜாவாத் தொழிலாளர்கள் தென்னமெரிக்காவில் டச்சுக்காரர் ஆண்ட சுரிநாமில் கரையிறங்கினர். மாரியன்பர்க் கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்த வேலை. 1939 வரை ஏறத்தாழ 33,000 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். சுரிநாமிலிருந்து மக்காவோ கிழக்கே இருக்கிறது. ஆனாலும் அவர்கள் ஊர் வழக்கப்படி மேற்கு பார்த்தே தொழுதார்கள். பள்ளிவாசலையும் மேற்கு பார்த்தே கட்டினார்கள்.

1930களில், கிழக்கு நோக்கித்தான் தொழ வேண்டும் என்ற குரல் எழுந்தது. சமூகம் இரண்டுபட்டது. 'மடெப் ஙுலோன்' என்றால் மேற்கு நோக்குவோர்; 'மடெப் ஙேத்தான்' என்றால் கிழக்கு நோக்குவோர். திசைச் சொல் ஆட்களுக்குப் பெயராயிற்று.

சண்டை திசையோடு நிற்கவில்லை. பிறப்பு, விருத்தசேதனம், இறப்பு எதுவானாலும் மேற்கத்தார் வீட்டில் அக்கம்பக்கத்தாரை அழைத்து, பாயில் உட்கார வைத்து, ஓதி, சோறு பகிர்வார்கள். அந்த விருந்து 'ஸ்லாமெத்தான்'. முன்னோர் ஆவிகளுக்கு வைக்கும் படையல் 'சாஜென்'. மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடமில்லை என்றார்கள் கிழக்கத்தார். எங்கள் முன்னோர் செய்தது போதும் என்றார்கள் மேற்கத்தார். ஆக, குலோன் என்பது சுரிநாமில் வெறும் திசையல்ல, ஒரு வாழ்க்கை முறை.

நில வரைபடத்தை விரித்தால் கிழக்கத்தார் பக்கமே நியாயம். ஆனால் ஜாவாச் சடங்குகள் அட்லாண்டிக் கரையில் பிழைத்துக் கிடப்பதற்கு மேற்கத்தாரின் பிடிவாதமே பெரிய காரணம்.