புற்றுநோய் வலித்தணிப்பில் செவிலியர் பயிற்சி: திருவனந்தபுரம்

திருவனந்தபுரத்தின் தம்பானூர் ரயில் நிலையத்தில் காலையில் வந்திறங்கும் கூட்டத்தில், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செல்லும் நோயாளிகளும் உண்டு. 1981இல் அமைந்த அந்த மையம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

இந்நகரில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003இல் வலித்தணிப்புப் பராமரிப்புக்கான பாலியம் இந்தியா அமைப்பைத் தொடங்கினார். அதன் பயிற்சிப் பிரிவான திருவனந்தபுரம் வலித்தணிப்பு அறிவியல் நிறுவனம், 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமானது. செவிலியருக்கான ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு அங்கு நடக்கிறது.

இத்தகைய பயிற்சியின் முதல் பாடம் கேட்பது. வலியைக் கருவி எதுவும் அளந்து தராது. நோயாளி சொல்வதே அளவு. பூஜ்யம் முதல் பத்து வரை எண் கேட்டு, காய்ச்சலைக் குறிப்பது போலவே அதையும் குறித்துவைக்க வேண்டும். வலிநிவாரணியான சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். ஆகவே வலி திரும்பும்வரை காத்திராமல், நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் மலமிளக்கியும் கூடவே தொடங்கப்படுகிறது. நோயாளி மார்ஃபினுக்கு அடிமையாகிவிடுவாரோ என்று அஞ்சும் குடும்பத்துக்குப் பொறுமையாக விளக்குவதும் செவிலியர் வேலையே. அந்த அச்சத்தால் வலியைச் சகித்துக் கிடப்பவர்கள் ஏராளம்.

அச்சம் மட்டுமல்ல, சட்டமும் தடையாக இருந்தது: 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை மருத்துவமனைகளுக்கே எட்டாததாக்கியிருந்தது. அச்சட்டத்தின் 2014 திருத்தம் உரிம நடைமுறையை எளிதாக்கியது.

கேரளம் 2008இலேயே வலித்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்தது. உள்ளாட்சிகளின் துணையோடு செவிலியர் நோயாளியின் வீடுதேடிச் செல்கிறார்கள்: புண்ணுக்குக் கட்டுப் போட, மருந்தைச் சரிபார்க்க, இரவில் தூங்கினாரா என்று கேட்க.